வரிசை போச்சு, விலை போகேல்ல

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)



போன கிழமை ஒரு நேயர் வொய்ஸ் மெசேஜ் ஒன்று அனுப்பியிருந்தார். வெள்ளவத்தையில் அறை எடுத்து இருந்து வேலைக்குப் போற பிள்ளை. கேள்வி சின்னன். "2024இல பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழ போனது எண்டு நியூஸில சொன்னாங்கள். பிறகு ஏன் என்ர மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் விலை அப்பிடியே கிடக்கு? ஆர் பொய் சொல்லுறது?"

ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் இருக்கிற கரைச்சல். இன்றைக்கு முழுக்க இந்தக் கேள்வியைத்தான் கதைக்கப் போறம். கொஞ்சம் கணக்கு வரும், பயப்பட வேண்டாம். கூட்டல் பெருக்கல் தெரிஞ்சால் போதும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு பஸ்ஸில் வாறீங்கள் என்று வைப்பம். பணவீக்கம் என்கிறது பஸ்ஸின் வேகம். விலை என்கிறது பஸ் நிற்கிற ஊர். 2022இல் அந்த பஸ் தலைகால் தெரியாமல் ஓடி வவுனியாவைத் தாண்டிவிட்டது. 2024 கடைசியில் வேகம் பூச்சியம், ஏன், கொஞ்சம் ரிவேர்சிலும் போனது. ஆனால் நீங்கள் நிற்கிறது வவுனியாவுக்கு அங்கால. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போகவில்லை. வேகம் குறைஞ்சதை நியூஸில் சொல்லுறார்கள். நீங்கள் எந்த ஊரில் நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லுறது சாப்பாட்டுக் கடை முதலாளி.

இனி உண்மையான எண்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். முதல் வருசம் அதே மாசம் 100 ரூபாவுக்கு வாங்கின சாமான்கள் 170 ரூபா ஆகிவிட்டன என்று அர்த்தம். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதம். 170 ரூபா 172 ஆனது. 2024 செப்டெம்பரில் மைனஸ் 0.5. 172 ரூபா 171 ஆனது. தலைப்புச் செய்தி என்ன? 'விலைகள் குறைந்தன'. உண்மைதான், ஒரு ரூபா குறைஞ்சது. ஆனால் 100 ரூபா சாமானுக்கு நீங்கள் அப்போதும் 171 ரூபா குடுத்தீங்கள்.

சம்பளமும் 100இல் இருந்து 171க்கு ஏறியிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை, கணக்குச் சரி. ஏறினதா? தனியார் துறையின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளத்தைப் பாருங்கோ. 12,500 ரூபாவாக இருந்தது. 17,500 ஆக்கினது 2024இல். நாற்பது வீத ஏற்றம். விலை எழுபது வீதம். அதுவும் விலை 2022இல் ஏறினது, சம்பளம் 2024இல் ஏறினது. நடுவில் இருக்கிற இரண்டு வருசத்தை ஆர் திருப்பித் தருவினம்? சாப்பாட்டுப் பார்சல் கேள்விக்கு மறுமொழி இவ்வளவுதான்.

ஆனால் மறுமொழி முடிஞ்சாலும் விசயம் முடியவில்லை. 2022 நடக்கும்போது ஸ்கூலில் இருந்த பிள்ளைகள் இப்போது வேலைக்கு வந்திருக்கிறீங்கள். அவைக்கு அந்த வருசம் என்றால் கியூவும் கரண்ட் கட்டும் காலிமுகத்திடலும்தான் ஞாபகம். ஏன் அப்படி ஆனது என்கிறதை ஒரு நிமிசத்தில் ஓடிப் பார்த்துவிட்டு வருவம். 2019 கடைசியில் வரிகளை வெட்டினார்கள். வற் வரி 15இல் இருந்து 8 வீதமாகக் குறைஞ்சது. கடைக்காரருக்கும் கம்பனிகளுக்கும் சந்தோசம், அரசாங்கப் பெட்டி காலி. ஈஸ்டர் குண்டுவெடிப்பில் அடிவாங்கின சுற்றுலாத்துறையை கொரோனா படுக்க வைத்தது. 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்துக்குத் தடை போட்டு, அதே வருசம் நவம்பரில் திருப்பி எடுத்தார்கள். அதற்குள் விதைச்ச ஆட்களின் போகம் போச்சு. 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலர் இருந்த கையிருப்பு கரைஞ்சு கொண்டே வந்தது. ரூபாவை மட்டும் 200க்குக் கிட்ட இழுத்துப் பிடிச்சு வைச்சிருந்தார்கள். 2022 மார்ச் 7 அன்று கையை விட்டார்கள். இரண்டு மாசத்தில் ஒரு டொலர் 360 ரூபா. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று அறிவிச்சார்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

அந்த நேரம் வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் வந்து எடுத்த படங்கள் எல்லாமே வரிசைப் படங்கள். பெற்றோல் செட்டுக்கு முன்னால் ஓட்டோ வரிசை. காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வைச்சிட்டுப் பக்கத்தில் குந்தியிருக்கிற அம்மாமார். அந்த வரிசைகளில் நின்றே உயிர் போன வயசான ஆட்கள் இருக்கினம். அதைச் சின்ன விசயமாகச் சொல்ல வரவில்லை. ஆனால் நான் நினைக்கிறது என்னவென்றால், வரிசையை விட விலை கொடுமை. வரிசையில் நிற்கும்போது, எங்கட ஒழுங்கையில் இருக்கிற எஞ்சினியரும் அவரின் வீட்டைக் கூட்டித் துடைக்கிற அக்காவும் ஒரே வெயிலில் நின்றார்கள். காசு இருக்கிற ஆள் கூலிக்கு ஆள் வைச்சு நிற்க வைச்சார், கறுப்புச் சந்தையில் வாங்கினார், அது உண்மை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும், நாட்டுக்கே பிரச்சினை என்று. ஒருத்தரோட ஒருத்தர் கதைச்சார்கள், கோபப்பட்டார்கள், றோட்டுக்கு இறங்கினார்கள்.

விலை அப்படி இல்லை. 2022 ஆடியில் பெற்றோலுக்கு கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று ஆரம்பிச்சது. கொஞ்ச நாளில் வரிசை மறைஞ்சது. பெற்றோல் விலையைப் பாருங்கோ. அந்த வருசத் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபா. மார்ச்சில் 254. ஆனி மாசக் கடைசியில் 470. செட்டில் இப்போது சனம் இல்லை, எண்ணெய் இருக்கு. அப்ப பிரச்சினை தீர்ந்ததா? ஆருக்குத் தீர்ந்தது என்று கேளுங்கோ. வாங்க ஏலாத ஆள் வரிசையில் வந்து நிற்கமாட்டார். வீட்டில் இருப்பார். அவரை ஒருத்தரும் படம் எடுக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் பழைய ஆட்கள் 2022இல் ஒரு வசனம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். "உது எங்களுக்குப் புதுசே? தொண்ணூறில நாங்கள் பாக்காததே?" சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் விளக்குச் செய்து படிச்ச தலைமுறை அது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஆட்கள். அவர்களோடு நான் முழுக்க ஒத்துப்போகமாட்டன். தொண்ணூறில் சாமான் இல்லை. இருந்த கொஞ்சத்தின் விலையும் பயங்கரம்தான், ஆனால் பக்கத்து வீட்டிலும் இல்லை. 2022க்குப் பிறகு வந்தது வேற மாதிரி. கடையில் எல்லாம் இருக்கு. கண்ணாடிக்கு அங்கால அடுக்கி வைச்சிருக்கு. உங்களிடம்தான் காசு இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கலாம்.

பக்கத்து வீடு என்று சொன்னதும் ஒன்று சொல்லவேணும். கொக்குவிலில் எங்கட ஒழுங்கையில் நடந்தது இது. ஒரு வீட்டில் மகன் லண்டனில். அடுத்த வீட்டில் மகன் இங்கே ஒரு கடையில் கணக்கு எழுதுறான். மாசம் 100 டொலர் அளவு வெளியில் இருந்து வாற ஒரு வீட்டை எடுங்கோ. முதல் அது 20,000 ரூபா. ரூபா விழுந்த பிறகு அதே 100 டொலர் 36,000 ரூபா. உண்டியலில் வந்தால் சில நேரம் இன்னும் கூட. சாமான் விலை ஏறினது, வாற காசும் ஏறினது. அந்த வீடு தப்பிச்சது. சில வீடுகள் அந்த வருசம் மதில் கட்டி முடிச்சன. கடையில் கணக்கு எழுதுறவனின் வீட்டில் அதே சம்பளம், இரண்டு மடங்கு செலவு. ஒரே ஒழுங்கை, ஒரே கிணற்றுத் தண்ணி. நெருக்கடி எல்லாரையும் ஒரே மாதிரி அடிச்சது என்று சொல்லுறவர்கள் இந்த ஒழுங்கையில் ஒருக்கா நடந்து பார்க்கலாம்.

எங்கட அம்மா கணக்குக் கொப்பி எழுதுற ஆள். ஸ்கூல் கொப்பியில் மிஞ்சின ஒற்றைகளைத் தைச்சு, தினம் வாங்கின சாமானையும் விலையையும் எழுதுவா. இந்த எபிசோட்டுக்காக 2021, 2022 கொப்பி இரண்டையும் கேட்டு வாங்கினேன். பொருளாதாரப் புத்தகத்தில் இல்லாத ஒரு விசயம் அதில் தெரிஞ்சது. விலை ஏறினதைவிட, சில பெயர்கள் காணாமல் போறதுதான் முதலில் கண்ணில் படுது.

பால்மா ஒரு உதாரணம். 400 கிராம் பைக்கற் 2021 ஒக்டோபரில் 480 ரூபா. 2022 மார்ச்சில் 790. அந்த மார்ச்சுக்குப் பிறகு கொப்பியில் 'பால்மா' என்ற சொல்லே நாலு மாசம் இல்லை. அதே மார்ச்சில்தான் கடைகளில் ஒரு கிளாஸ் பால் தேத்தண்ணி 100 ரூபா ஆனது. எங்கட வீட்டில் எல்லாரும் பிளேன்ரீக்கு மாறினம். எங்களுக்குப் பெரிய இழப்பு இல்லை, வளர்ந்த ஆட்கள். இரண்டு வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டில் அது தேத்தண்ணிக் கதை இல்லை. பிறகு முட்டை குறையுது. மீன் கிழமைக்கு மூன்றில் இருந்து ஒன்றாகுது. சூடை மட்டும் இருக்கு, பாரை இல்லை. பருப்பு கால் கிலோவாக மாறுது. சவர்க்காரம் இரண்டில் இருந்து ஒன்று. பேப்பர் நிற்குது. வருசத்துக்கு உடுப்பு என்ற வரி 2022இல் இல்லை. 2023இலும் இல்லை.

கொழும்பில் இருந்த எங்களுக்கு காஸ்தான் பெரிய அடி. 12.5 கிலோ சிலிண்டர் 2021 ஒக்டோபருக்கு முதல் 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் 4,860. அதுவும் கிடைச்சால். ஊரில் என்றால் பனை மட்டை இருக்கு, தென்னம்பாளை இருக்கு, அடுப்பை வெளியில் மூட்டலாம். நாலாம் மாடி பிளாட்டில் எங்கே மூட்டுறது? மண்ணெண்ணெய் அடுப்பை பல்கனியில் வைச்சு, காத்துக்கு அட்டைப்பெட்டி மறைச்சு சமைச்ச வீடுகள் எத்தனை. கிராமத்து ஆட்கள்தான் முதலில் அடிபடுவினம் என்று நாங்கள் வழக்கமாக நினைப்பம். கொழும்பில் தொடர்மாடிகளிலும் தோட்டங்களிலும் நாட்கூலிக்குப் போற குடும்பங்களுக்கு ஒரு முருங்கை மரம்கூட இல்லை. எல்லாத்துக்கும் காசு. காசு நின்றால் எல்லாம் நிற்கும்.

லைற் பில்லைப் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. 2022 ஆவணியில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதம் கூட்டினார்கள். 2023 பெப்ரவரியில் திரும்பவும் 66 வீதம். சராசரி என்ற சொல்லில் கவனமாக இருங்கோ. மாசம் 30 அலகுதான் பாவிக்கிற வீடு, அதாவது இரண்டு மூன்று பல்பு, ஒரு மின்விசிறி. அந்த வீட்டுக்கு முதல் 105 ரூபா பில். ஆவணிக்குப் பிறகு 360. பெப்ரவரிக்குப் பிறகு 1,300. நூற்றைந்தில் இருந்து ஆயிரத்து முந்நூறு, ஆறே மாசத்தில். பன்னிரண்டு மடங்கு. ஏ.சி. போட்டிருக்கிற வீட்டுக்கு இந்த மடங்கு வரவில்லை. முதல் இருந்த கட்டணம் ஏழைகளுக்கு மானியமாக இருந்தது, அது உண்மை. மின்சார சபை நட்டத்தில் ஓடினதும் உண்மை. ஆனால் நட்டத்தை முதலில் ஆரிடம் இருந்து பிடிக்கிறது என்பது கணக்கு இல்லை, தெரிவு. பிறகு 2023 ஆடியில் இருந்து கட்டணத்தைக் குறைச்சார்கள், அந்த அடிமட்ட வீடுகளுக்கும் குறைஞ்சது. அதற்கிடையில் கட்டாமல் லைன் வெட்டினவர்கள் திரும்ப இணைப்பு எடுக்கத் தனியாகக் காசு கட்ட வேண்டி வந்தது. குறைஞ்ச விலையை அனுபவிக்கவும் முதலில் காசு வேணும்.

கடற்கரைக்குப் போவம். வடக்கில் சின்ன பைபர் வள்ளங்களின் எஞ்சின் மண்ணெண்ணெயில்தான் ஓடுறது. 2022 நடுப்பகுதியில் மாசக்கணக்கில் மண்ணெண்ணெய் இல்லை. விலை மட்டும் லீற்றர் 87 ரூபா என்று பலகையில் இருந்தது. ஆவணிக் கடைசியில் எண்ணெய் வந்தது, விலை 340. ஒரு நாள் தொழிலுக்கு 25 லீற்றர் என்று வைச்சால், 2,175 ரூபா இருந்த செலவு 8,500 ஆகுது. ஐஸ் வேற, வலை வேற. கடலுக்குப் போய் மீன் படாமல் வந்தால் 8,500 ரூபா கடனோடு கரைக்கு வாறீங்கள். அதனால் என்ன செய்தார்கள்? தூரத்துக்குப் போகவில்லை. கரைக்குக் கிட்ட வலை போட்டார்கள், மீன் குறைவு. சிலர் திரும்பப் பாய்க்கும் துடுப்புக்கும் போனார்கள். இதற்கு மேல் இந்தியப் பக்கத்து இழுவைப்படகுகள் வந்து வலையை அறுக்கிற பிரச்சினை. அது இன்னொரு நாள் கதைக்க வேண்டிய பெரிய கதை, இந்த இடத்தில் கிளறவில்லை. தமிழ்நாட்டில் இருந்து அந்த வருசம் அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் வந்ததையும் நான் மறக்கவில்லை. 40,000 தொன் அரிசி என்று திட்டம். எங்கட அம்மாவின் கொப்பியில் அது 'இந்தியா அரிசி - இலவசம்' என்று ஒரு வரியாக இருக்கு.

மலையகத்தைப் பற்றி இரண்டு வசனம்தான் சொல்லப் போறேன். இரண்டு வசனமே போதும் என்பதுதான் வெட்கம். 2021 மார்ச்சில், எத்தனையோ வருசப் போராட்டத்துக்குப் பிறகு, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது, அப்போது அது 5 டொலர். ஒரு வருசத்தில் அதே 1,000 ரூபா 3 டொலருக்கும் கீழே, ரொட்டிக்கு வாங்குற கோதுமை மா பல மடங்கு விலை. அவர்கள் பறிக்கிற தேயிலையை டொலருக்குத்தான் விற்கிறார்கள், அதையும் சொல்லி வைக்கிறன். அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது 2024இல்.

இனி மருந்து. இதைச் சொல்லலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "சொல்லு, ஆராவது திருந்தட்டும்" என்றா.

அம்மாவுக்குப் பிரஷர். கிளினிக்கில் மருந்து இலவசம், அதுதான் இந்த நாட்டின் பெருமை, இப்போதும் அதைப் பெருமையாகத்தான் சொல்லுவேன். 2022இல் டொலர் இல்லாமல் மருந்து இறக்குமதி குறைஞ்சது. கிளினிக்கில் துண்டு எழுதித் தந்து வெளியில் வாங்கச் சொன்னார்கள். வெளியில் விலை என்ன? மார்ச்சில் மருந்து விலையை 29 வீதம் கூட்ட அனுமதி குடுத்தார்கள். ஏப்ரல் கடைசியில் இன்னொரு 40 வீதம். இரண்டையும் கூட்டி 69 என்று நினைக்காதீங்கோ. பெருக்கவேணும். 100 ரூபா 129 ஆகி, அந்த 129க்கு மேல் 40 வீதம். 180 ரூபா. இரண்டு மாசத்துக்குள். பாமசியில் முதல் ஒரு அட்டையாகக் குடுத்த மருந்தைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பத்து, ஐந்து என்று குடுக்கத் தொடங்கினார்கள். நிறைய ஆட்கள் அப்படித்தான் கேட்டார்கள்.

அக்கா கோண்டாவிலில் இருந்து வந்தபோது, அலுமாரியில் இருந்த குளிசைகளை எண்ணிப் பார்த்தா. மாசம் முடிஞ்சிருக்கவேணும், பாதி அப்படியே இருக்கு. கேட்டதுக்கு அம்மா சொன்ன மறுமொழி: "ஒண்டைவிட்ட ஒரு நாள் போடுறன் பிள்ளை. தலை சுத்தினா அண்டைக்குப் போடுவன் தானே." பிரஷர் என்பது தலை சுத்தினால்தான் தெரியும் என்று இல்லை, அது உள்ளுக்குள் இருந்து செய்யிற வேலை. அது அம்மாவுக்கும் தெரியும். அவ ஓய்வுபெற்ற ஆசிரியை. விளக்கம் இல்லாமல் செய்த வேலை இல்லை அது. கொப்பியில் கணக்குப் போட்டுச் செய்த வேலை. அந்தப் பக்கத்தை நான் பார்த்தேன். ஒரு பக்கம் குளிசை விலை, மறுபக்கம் தம்பியின் ரியூசன் காசு. தம்பி அந்த வருசம் ஏ.எல். சோதனை எடுக்கவேணும். சோதனையே தள்ளித் தள்ளி அடுத்த வருசம் தைமாசத்துக்குப் போனது. அதனால் ரியூசன் காசும் கூடுதல் மாசங்களுக்குக் கட்டவேண்டி வந்தது. அவ இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, குளிசையின் எண்ணைப் பாதியாக வெட்டியிருந்தா. புரட்டாசியில் ஒரு நாள் விறாந்தையில் விழுந்து, ஆஸ்பத்திரியில் நாலு நாள். இப்போது நல்லா இருக்கிறா. இடது கை கொஞ்சம் விறைப்பு, பூ ஆய முன்னைப்போல ஏலாது.

இந்த நாலு நாளும் இந்தக் கையும் எந்தச் சுட்டெண்ணிலும் வராது. 69.8 என்ற எண்ணுக்குள் அது இல்லை.

சரி. நகைக்கு வருவம். எங்கட ஆட்களுக்கு வங்கிச் சேமிப்பு என்றால் தாலிக்கொடியும் காப்பும்தான். 2022இல் ரூபா விழ, தங்க விலை ஏறினது. அடகு வைச்சால் முந்தினதைவிடக் கூடக் காசு கிடைச்சது. நிறையப் பேர் அதை அதிர்ஷ்டமாக நினைச்சார்கள். ஆனால் அந்த ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளி கூட்டினது. விலைவாசியை அடக்க அது தேவையாக இருந்தது என்று பொருளாதாரம் படிச்சவர்கள் சொல்லுவினம், அதில் நியாயம் இருக்கு. அடகு வைச்ச ஆளுக்கு என்ன நடந்தது? கூடக் கடன், கூட வட்டி. மீட்க ஏலாமல் ஏலத்துக்குப் போனால், அதே ஒரு பவுனைத் திரும்ப வாங்க உங்களுக்கு இப்போதைய விலையில் வாய்ப்பே இல்லை. முந்தி நகை போனால் இரண்டு வருசத்தில் சேர்த்து வாங்கலாம். இப்போது போனது போனதுதான். எங்கட ஒழுங்கையில் கலியாணவீட்டுக்கு வாற பெண்டுகளின் கையைப் பார்த்தால் விளங்கும். கவரிங் போட்டிருக்கிறது ஆர் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் கேக்கிறதில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் பாதிப்பேர் தனியார் கம்பனியில் வேலை. உங்களுக்கு நகை இல்லை, சேமலாப நிதி இருக்கு. ஊழியர் சேமலாப நிதி, ஈபிஎஃப். சம்பளச் சீட்டில் வெட்டுற வரியை மட்டும் பார்த்துக் கோபப்படுறீங்கள். 2023இல் மாசம் ஒரு லட்சத்துக்கு மேல் எடுத்தால் வரி என்று இருந்தது, நியாயமான கோபம்தான். ஈபிஎஃப் பக்கமும் ஒருக்கா பாருங்கோ. 2022க்கு அந்த நிதி உறுப்பினருக்குக் குடுத்த வட்டி 9 வீதம். உங்கட அப்பாவின் கணக்கில் 10 லட்சம் இருந்தால் 10 லட்சத்து 90 ஆயிரம் ஆகியிருக்கும். அதே காலத்தில் 10 லட்சத்துக்கு வாங்கக் கூடிய சாமான்களின் விலை 17 லட்சத்துக்குக் கிட்டப் போச்சு. ஒரு ரூபாவும் குறையவில்லை, ஒருத்தரும் களவெடுக்கவில்லை, ஆனால் ஓய்வு காலத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போச்சு. பிறகு 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று, அந்த நிதி வைச்சிருந்த அரசாங்கப் பிணையங்களை மாத்தி, 2025 வரைக்கும் 12 வீதம், அதற்குப் பிறகு 9 வீதம் வட்டி என்று புதுப் பிணையங்கள் குடுத்தார்கள். தனியார் வங்கிகள் வைச்சிருந்த ரூபாப் பிணையங்களில் கைவைக்கவில்லை. வங்கிகள் விழுந்தால் எல்லாமே விழும் என்பது காரணம். அந்தக் காரணத்தை நான் மறுக்கவில்லை. நாட்டைக் காப்பாற்ற ஆரின் பணம் முதலில் கைக்குக் கிட்ட இருந்தது என்பதை மட்டும் கவனியுங்கோ. தொழிற்சாலையில் தைக்கிற பிள்ளைகளின் பணம்.

இதெல்லாம் சேர்ந்துதான் பத்தரமுல்லையில் பாஸ்போட் கியூ. 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வெளிநாட்டு வேலைக்குப் பதிஞ்சு போனார்கள். எங்கட தம்பியும் ஏ.எல். முடிச்சு, இப்போது கட்டாரில் ஒரு கடையில். பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி காணாது என்று இல்லை, கிடைச்சது. நாலு வருசம் காத்திருக்க வீட்டில் ஏலாது என்று அவனே முடிவெடுத்தான். அம்மா அதைப் பற்றிக் கதைக்கிறதில்லை. கொப்பியில் மட்டும் மாசம் மாசம் 'தம்பி' என்று ஒரு வரவு வரி இருக்கு, பால்மா திரும்ப வந்திருக்கு, குளிசை முழுசாக வாங்குறா.

உலக வங்கிக் கணக்குப்படி 2019இல் நூற்றுக்குப் பதினொரு பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. 2023இல் நூற்றுக்கு இருபத்தாறு அளவு. கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிற எங்கட மாதிரி வீடுகள் அந்த இருபத்தாறுக்குள் இல்லை. நாங்கள் 'தப்பினவர்கள்' பட்டியலில்.

கேள்வி அனுப்பின பிள்ளைக்கு: உங்கட பார்சல் விலை குறையாது. கொஞ்சம் முன்னப் பின்ன ஆகலாம், மரக்கறி மலிஞ்சால் இருபது ரூபா குறைக்கலாம், 2021 விலை திரும்பி வராது. நீங்கள் கடைக்காரரோடு சண்டை பிடிக்கிறதில் பிரயோசனம் இல்லை. சம்பளப் பேச்சு வரும்போது 'இந்த வருசப் பணவீக்கம் எவ்வளவு' என்று உங்கட மனேஜர் கேட்பார். ஒரு எண்ணைச் சொல்லிச் சிரிப்பார். அப்போது இந்த வருசத்தை வைச்சுக் கதைக்காதீங்கோ. 2021இல் உங்கட வேலைக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கோ. அதை 1.7ஆல் பெருக்குங்கோ. அந்த எண்ணுக்கும் உங்கட எண்ணுக்கும் இடையில் இருக்கிறதுதான் நீங்கள் கதைக்க வேண்டியது.

அடுத்த எபிசோட் ஓட்டோ லீசிங் பற்றி. இரண்டு ஓட்டோ அண்ணாமாரோடு கதைச்சிருக்கிறன், ஒருவர் வண்டியைத் திருப்பிக் குடுத்தவர், மற்றவர் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறவர். அதற்கு முதல் உங்களிடம் ஒன்று கேட்கவேணும். 2022இல் உங்கட வீட்டில் வாங்குறதை நிப்பாட்டி, இன்னும் திரும்ப வாங்கத் தொடங்காத சாமான் ஒன்று இருக்கும். அது என்ன என்று வொய்ஸ் மெசேஜில் அனுப்புங்கோ. பெயர் சொல்ல வேண்டாம், ஊர் மட்டும் சொன்னால் போதும்.